வலி போனால் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உடல்நலக் குழு சார்பில் பேசிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



கூட்டம் ஆரம்பிக்கும்போது நம்ம அக்கா ஒருத்தர் பாயில் உட்கார்ந்தாங்க. ஒரு கையைச் சுவரில் வச்சு, இன்னொரு கையை முட்டியில் வச்சு, "அம்மாடி"ன்னு சொல்லிக்கிட்டே உட்கார்ந்தாங்க. பார்த்துட்டு நாலு பேர் சிரிச்சாங்க. சிரிச்ச நாலு பேருக்கும் அதே முட்டிவலி இருக்குன்னு எனக்குத் தெரியும்!

நம் உறுப்பினர்கள் யார்? செங்கல்பட்டுப் பக்கம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவர்கள். கடற்கரையில் மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்கிறவர்கள். மாமல்லபுரத்தில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டுச் சங்கு, சிப்பி பொம்மை செய்கிறவர்கள். கல் பட்டறையில் சிலைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள். 2006ல் சிக்குன்குனியா வந்தபோது காய்ச்சல் ஒரு வாரத்தில் போச்சு, மூட்டுவலி மாதக்கணக்கில் போகலை. அது நம்மில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதனால் "வலிக்கு மருந்து" என்று யார் சொன்னாலும் நாம் காது கொடுத்துக் கேட்கிறோம். அதில் தப்பு இல்லை.

இன்று இதைப் பேசக் காரணம் ஒரு கடன் மனு. நம் குழு ஒன்று 50,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறது. மூட்டுவலிக்கு "சீன மூலிகை" என்று சொல்லும் கேப்சூலையும் தைலத்தையும் மொத்தமாக வாங்கி, வீடு வீடாக விற்கத் திட்டம். நோட்டீஸில் "நாலு நாளில் வலி போகும், பக்க விளைவு கிடையாது, முழுக்க முழுக்க மூலிகை" என்று போட்டிருக்கிறார்கள். நான் பல வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தவள் என்பதால், விசாரித்துச் சொல்லச் சொன்னார்கள். விசாரித்ததைச் சொல்கிறேன். முடிவு நீங்கள் எடுக்க வேண்டியது.

மூட்டுவலி ஒன்று அல்ல

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். நாம் "மூட்டுவலி" என்று ஒரே பேரில் சொன்னாலும், முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று தேய்மானம். வயது, உடல் எடை, வருஷக்கணக்கில் குந்தி உட்கார்ந்த வேலை இவற்றால் முட்டியில் உள்ள குருத்தெலும்பு தேய்கிறது. நடந்தால், படி ஏறினால் வலிக்கும். உட்கார்ந்தால் குறையும்.

இன்னொன்று முடக்குவாதம். சரவாங்கி என்றும் சொல்வார்கள். இதில் நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் மூட்டைத் தாக்குகிறது. இரண்டு கை விரல் மூட்டும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாது. முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். ஆரம்பத்திலேயே வைத்தியம் பார்க்காவிட்டால் விரல் கோணிப் போகும்.

இரண்டும் வேறு வேறு நோய். அதனால் "எல்லா மூட்டுவலிக்கும் ஒரே மருந்து" என்று ஒருவர் சொல்லும்போதே சந்தேகம் வர வேண்டும்.

சீன மூலிகை: உண்மைக் கதை

சீன மூலிகை என்றாலே ஏமாற்று என்று நினைக்காதீங்க. நமக்குச் சித்த வைத்தியம் மாதிரி, அவர்களுக்கும் பல நூறு வருஷப் பழைய வைத்தியம் உண்டு. அதில் லெய் குங் தெங் என்று ஒரு கொடி. "இடிக் கடவுளின் கொடி" என்று அர்த்தம். மூட்டு வீக்கத்துக்கு அதன் வேரைக் கொடுப்பார்கள். அதே கொடியைப் பயிரில் பூச்சி கொல்லவும் உபயோகித்திருக்கிறார்கள். இலையும் பூவும் வேரின் தோலும் விஷம். தோலைச் சீவி எடுத்த உள்வேர்தான் மருந்து. ஒரே செடியில் மருந்தும் விஷமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இந்த வேர்ச் சாறு முடக்குவாதத்துக்கு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். முடிவு 2009ல் வெளிவந்தது. முடக்குவாதம் உள்ள 121 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு இந்த மூலிகைச் சாறு தினம் 180 மில்லிகிராம். மறு பாதிக்கு சல்ஃபாசலசின் என்ற வழக்கமான ஆங்கில மருந்து தினம் 2 கிராம். 24 வாரம் கொடுத்தார்கள்.

மூலிகைப் பக்கம் 100க்கு 65 பேருக்கு வலியும் வீக்கமும் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. ஆங்கில மருந்துப் பக்கம் 100க்கு 33 பேருக்குத்தான் அப்படிக் குறைந்தது. மூலிகை ஜெயித்துவிட்டது என்று கைதட்டத் தோணுது இல்லையா? கொஞ்சம் பொறுங்க. மூலிகைப் பக்கம் 100க்கு 62 பேர்தான் கடைசி வரை மருந்து சாப்பிட்டார்கள். மறுபக்கம் 41 பேர்தான். பாதியில் நின்றவர்கள் இத்தனை பேர் என்றால், கணக்கை ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும்.

பிறகு சீனாவிலேயே, பெய்ஜிங் டாக்டர்கள் 207 பேரிடம் இன்னொரு சோதனை செய்து 2014ல் வெளியிட்டார்கள். இதில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தோடு ஒப்பிட்டார்கள். நம் அரசு ஆஸ்பத்திரியிலும் முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரைதான் அது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, அதை மறக்கக் கூடாது. 24 வாரம் கழித்துப் பார்த்தபோது நோய் பாதிக்குமேல் குறைந்தவர்கள், மெத்தோட்ரெக்சேட் மட்டும் சாப்பிட்டவர்களில் 100க்கு 46 பேர், மூலிகை மட்டும் சாப்பிட்டவர்களில் 55 பேர், இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 77 பேர்.

ஆக, மூலிகைக்குச் சக்தி இருக்கு. அதே சோதனைகளும் சீன டாக்டர்களின் பல வருஷ அனுபவமும் இன்னொன்றையும் காட்டின. இந்த மூலிகையைத் தொடர்ந்து சாப்பிட்ட பெண்களில் சிலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. மருந்தை நிறுத்தியதும் சிலருக்குத் திரும்ப வந்தது. சிலருக்கு, அதுவும் நாற்பதை ஒட்டிய வயதில் இருந்தவர்களுக்கு, வரவே இல்லை. ஆண்களுக்கு விந்தணு குறைந்தது. குழந்தை வேண்டும் என்று இருக்கிற ஒரு மருமகளுக்கு, "பக்க விளைவே இல்லை, மூலிகைதான்" என்று சொல்லி இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்க.

மருந்து என்றால் உடம்பில் ஏதோ ஒன்றை மாற்றுகிறது என்று அர்த்தம். நல்லதை மாற்றும் சக்தி இருந்தால் கெட்டதை மாற்றும் சக்தியும் இருக்கும். "பக்க விளைவே கிடையாது" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அதில் மருந்தே இல்லை, அல்லது அவர் சோதிக்கவே இல்லை.

சோதனை எப்படிச் செய்கிறார்கள்?

"எங்க பாட்டி சாப்பிட்டாங்க, நல்லாச்சு. இதுக்கு மேல என்ன சோதனை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூட்டுவலிக்கு ஒரு குணம் உண்டு. அது ஏறும், இறங்கும். ரொம்ப ஏறினபோதுதான் நாம் மருந்து தேடிப் போவோம். அடுத்த வாரம் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். பேர் மட்டும் மருந்துக்குப் போகும். அப்புறம், "இது நல்ல மருந்து" என்று நம்பிச் சாப்பிட்டாலே வலி கொஞ்சம் குறையும். இது மனப்பிரமை அல்ல, உடம்பே அப்படித்தான் வேலை செய்கிறது. இந்த இரண்டையும் கழித்துவிட்டு, மருந்தினால் மட்டும் எவ்வளவு குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை.

நமக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறேன். குலுக்கல் சீட்டில் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்குகிறோம். யாருக்கு வரும் என்று தலைவிக்கும் தெரியாது. அதேபோல் யாருக்கு எந்த மருந்து என்பதையும் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்ய வேண்டும். வலி கம்மியாக இருப்பவரையெல்லாம் தன் மருந்துப் பக்கம் சேர்த்துக்கொண்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

இரண்டாவது, சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியக் கூடாது. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் வேண்டும். அது வேறு மருந்தாக இருக்கலாம், அல்லது மருந்தில்லாத வெறும் மாத்திரையாக இருக்கலாம். நான்காவது, எத்தனை பேர் பாதியில் போனார்கள், யாருக்கு என்ன கெடுதல் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நம் குழுவில் வரவு மட்டும் எழுதிச் செலவை எழுதாவிட்டால் கணக்கை ஒப்புக்கொள்வோமா? அதே மாதிரிதான்.

எலியில் சோதித்ததை மனுஷனில் சோதித்ததாகச் சொல்லும் ஆட்களும் உண்டு. கோரிடாலிஸ் என்ற சீனச் செடியின் கிழங்கில் வலியைக் குறைக்கும் ஒரு சத்தைக் கண்டுபிடித்ததாக 2014ல் செய்தி வந்தது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் வலி குறைந்தது எலிகளுக்கு. எலிக்குப் பிறகு மனிதனுக்கு வருவதற்குள் ஏற வேண்டிய படிகள் நிறைய.

நம் கோயம்புத்தூரில் நடந்த சோதனை

இப்படிச் சோதிப்பதெல்லாம் வெளிநாட்டில்தானா என்றால், இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆயுர்வேத வைத்தியத்தை அப்படிச் சோதிக்கவே முடியாது, ஒவ்வொரு நோயாளிக்கும் வைத்தியர் வேறு வேறு மருந்து கொடுப்பார் என்று பலர் சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஆயுர்வேத டிரஸ்டின் வைத்தியர்களும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து, அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியோடு, அதைச் செய்து காட்டினார்கள். முடிவு 2011ல் வெளியானது.

முடக்குவாதம் உள்ள 43 பேர். மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்தும், மெத்தோட்ரெக்சேட் மாதிரியே இருக்கும் வெறும் மாத்திரையும். இன்னொரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட்டும், ஆயுர்வேத மருந்து மாதிரியே செய்த போலி மருந்தும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் அசல். வைத்தியர் ஒவ்வொருவரையும் பார்த்து அவரவருக்குத் தகுந்த மருந்தை எழுதுவார். ஆனால் நோயாளி கைக்குப் போவது அசலா போலியா என்று அவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

36 வாரம் கழித்துப் பார்த்தால், மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய சமம். உடம்புக்கு வந்த சின்னச் சின்னத் தொந்தரவுகளை எண்ணியதில் ஆயுர்வேதம் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 112, மெத்தோட்ரெக்சேட் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 174, இரண்டும் சாப்பிட்டவர்களுக்கு 176.

நமக்குப் பெருமையான விஷயம்தான். ஆனால் அதைச் செய்தவர்களே "இது சின்ன முன்னோட்டம், பெரிய சோதனை வேண்டும்" என்றுதான் எழுதினார்கள். 43 பேர் ரொம்பக் கொஞ்சம். பிரிவுகளில் ஆள் எண்ணிக்கையும் சமமில்லை, அதனால் தொந்தரவுக் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. மூன்று பிரிவில் ஒன்றுகூட வெறும் மாத்திரை மட்டும் சாப்பிடவில்லை. தன் மருந்தைப் பற்றித் தானே "இன்னும் பார்க்கணும்" என்று சொல்கிறவர்தான் நம்பத் தகுந்த வைத்தியர். "நாலு நாளில் போகும்" என்கிற நோட்டீஸையும் இதையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க, வித்தியாசம் புரியும்.

முட்டித் தேய்மானத்துக்கும் நம் நாட்டில் சோதனை நடந்தது. புனேயைத் தலைமையிடமாக வைத்து 440 பேரிடம் செய்து 2013ல் வெளியிட்டார்கள். சுக்கு, சீந்தில் கொடி சேர்ந்த ஆயுர்வேத மருந்துகளை, செலிகாக்சிப் என்ற வலி மாத்திரையோடும் குளுக்கோசமினோடும் ஒப்பிட்டார்கள். 24 வாரத்தில் பலன் சமமாகவே இருந்தது. ஆனால் ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவு கூடியிருந்தது. அவர்களுக்கு வெளியில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. சுக்கும் சீந்திலும் நம் வீட்டுச் சரக்குதான், இருந்தாலும் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும்.

ஆங்கில மருந்துக்கு மட்டும் சலுகையா? இல்லவே இல்லை. ரோஃபிகாக்சிப் என்று ஒரு மூட்டுவலி மாத்திரை உலகம் முழுக்க விற்றது. மாரடைப்பு அதிகமாகிறது என்று சோதனையில் தெரிந்து 2004ல் கம்பெனியே திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் அதே வருஷம் தடை செய்தார்கள். சோதனைக்கு இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து என்ற பேதம் கிடையாது.

பேர் ஒன்று, செடி வேறு

இன்னொரு கதை சொல்கிறேன். இது பெண்களுக்கு நடந்தது. பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1990க்குப் பிறகு, ஒரு கிளினிக்கில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சேர்த்துக் கொடுத்தார்கள். சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் கெட்டது. 1993ல் டாக்டர்கள் இதை வெளியில் சொன்னார்கள். கடைசியில் 100 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

காரணம் என்ன? ஃபாங் சி என்று ஒரு மூலிகை. சீனாவில் மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் கொடுப்பது. அதற்குப் பதிலாக குவாங் ஃபாங் சி என்ற வேறு செடியின் வேர் வந்துவிட்டது. பேர் கிட்டத்தட்ட ஒன்று. காய்ந்த வேரைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாவதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற விஷம் இருந்தது.

இது எங்கேயோ நடந்தது என்று விட முடியாது. அதே குடும்பத்துச் செடி நம் வயல் வரப்பிலேயே இருக்கு. ஆடுதீண்டாப்பாளை! ஆடுகூடத் தொடாது என்று பேரிலேயே சொல்லி வச்சிருக்காங்க. ஈஸ்வரமூலியும் அதே குடும்பம்தான். இவற்றிலும் அந்த அமிலம் உண்டு. இவற்றை வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம்.

செடியை அடையாளம் காண்பது பெரிய வித்தை. நம் பக்கத்தில் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் 1986லிருந்து சங்கம் வைத்து மூலிகைத் தோட்டம் நடத்துகிறார்கள். காட்டில் வளர்ந்த கண் அவர்களுக்கு. அவர்களோடு ஒரு நாள் நடந்து பார்த்தால், நாம் "ஏதோ ஒரு தழை" என்று சொல்வதை அவர்கள் எத்தனை பேராகப் பிரிக்கிறார்கள் என்று தெரியும். பொட்டலத்தில் பொடியாக வருவதை அவர்களாலும் அடையாளம் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

நாலு நாளில் வலி போகிறதே, எப்படி?

என் சொந்தத்தில் ஒரு அக்காவுக்கு நடந்தது. முட்டிவலிக்கு, பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விற்ற பெயர் இல்லாத மூலிகை உருண்டையை வாங்கிச் சாப்பிட்டாங்க. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினாங்க. "தெய்வமே வந்து கொடுத்த மாதிரி"ன்னு தெருவுக்கே சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டுச் சும்மாதான் இருந்தேன், அது இன்னைக்கும் எனக்கு உறுத்தலா இருக்கு. நாலு மாதத்தில் முகம் உப்பி நிலா மாதிரி ஆச்சு. சர்க்கரை ஏறிப் போச்சு. பயந்துபோய் உருண்டையை ஒரே நாளில் நிறுத்தினாங்க. வாந்தி, மயக்கம், எழுந்திருக்க முடியலை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மூலிகை சாப்பிட்டீங்க?" என்பதுதான். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் உயிர் காக்கும். தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடும். அதனால் திடீரென்று விட்டாலும் ஆபத்து. இப்போது யாராவது இப்படிப்பட்ட உருண்டையோ பொடியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாதீங்க. மிச்சம் இருக்கிற மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூச்சப்பட வேண்டாம்.

உலோகம் கலப்பதும் உண்டு. 2004ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அவை தெற்காசியாவிலிருந்து போனவை. அதாவது நம் பக்கத்துச் சரக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சித்தா, ஆயுர்வேத, யுனானி மருந்து செய்து விற்க லைசென்ஸ் வேண்டும். 1940ஆம் வருஷத்து மருந்துகள் சட்டத்திலேயே இதற்குத் தனிப் பகுதி இருக்கு. டப்பாவில் செய்தவர் பெயர், முழு விலாசம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, என்னென்ன சேர்ந்தது எல்லாம் இருக்க வேண்டும். 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாத நோயும் இருக்கு. ஆக, "மூட்டுவாதம் குணமாகும்" என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தால், கேஸ் கம்பெனிக்காரர் மேல் மட்டும் வராது. நோட்டீஸைக் கொடுத்த நம் உறுப்பினர் மேலும் வரலாம்.

நம்பகமான இடம் தூரத்தில் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது. தமிழக அரசின் டாம்ப்கால் மருந்துத் தொழிற்சாலை திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில்தான். நாட்டு மருந்து வேண்டும் என்றால் படித்த சித்த மருத்துவரிடம் போகலாம். ஆங்கில மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அதேபோல் ஆங்கில டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றி மறைக்கக் கூடாது.

நம்மையே சோதனைக்குக் கூப்பிட்டால்?

நாளைக்கு ஏதாவது ஆஸ்பத்திரி, "மூட்டுவலி மருந்துச் சோதனை, வாங்கம்மா" என்று கூப்பிடலாம். பயந்து ஓட வேண்டாம். அப்படி முன்வந்த பெண்களால்தான் இன்று நமக்கு மருந்து இருக்கிறது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்க. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்துப் படித்துச் சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. உடம்புக்குக் கெடுதல் வந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் சோதனைகளைப் பதிவு செய்ய 2007லிருந்து அரசுப் பதிவேடு உண்டு. "பதிவு எண் என்ன சார்?" என்று தைரியமாகக் கேளுங்க.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முட்டித் தேய்மானத்துக்குச் செலவில்லாத வைத்தியம் தொடைத் தசையைப் பலப்படுத்துவது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்க. ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். எடை அதிகம் இருந்தால் கொஞ்சம் குறைத்தாலும் முட்டிக்குப் பாரம் குறையும். சிப்பி வேலை, மீன் அறுக்கும் வேலை செய்பவர்கள் தரையில் குந்தாமல் ஸ்டூல் போட்டு உட்காருங்க. பட்டறைகளுக்கு ஸ்டூல் வாங்கக் குழுவில் உள்கடன் கேட்டால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

காலையில் ஒரு மணி நேரம் விரல் விறைப்பு, இரண்டு கையிலும் வீக்கம், ஆறு வாரத்துக்கு மேல் போகலை என்றால், தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒரே மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே போங்க. கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் தினம் சாப்பிட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முடக்கத்தான் தோசை சாப்பிடலாமா என்று கேட்பீங்க. தாராளமா சாப்பிடுங்க, நானும் சாப்பிடறேன். அது கீரை, சாப்பாடு. அதை வச்சு டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க.

கடன் மனு பற்றி

மனு கொடுத்த சகோதரிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் வலியோடு இருப்பவர்கள்தான். நல்லது என்று நம்பித்தான் கேட்டார்கள். அந்த வியாபாரியிடம் ஐந்து கேள்வி கேட்டோம்.

1. இதில் என்னென்ன செடி, எந்தப் பாகம், எவ்வளவு?
2. லைசென்ஸ் எண், பேட்ச் எண் எங்கே? வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி அனுமதி எங்கே?
3. ஸ்டீராய்டு, உலோகம் இல்லை என்று எந்த ஆய்வுக்கூடம் சான்று கொடுத்தது?
4. மனிதர்களிடம் சோதித்தீர்களா? எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டு?
5. யாருக்கு இது ஆகாது? கர்ப்பிணிக்கு, பால் கொடுக்கும் தாய்க்கு, சர்க்கரை, ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு?

ஐந்துக்கும் அவர் சொன்ன ஒரே பதில், "நம்பிக்கை இருந்தா எடுத்துக்கங்க மேடம்" என்பதுதான். நம்பிக்கையை வைத்துத்தான் நம் குழுவே நடக்கிறது. ஆனால் நாம்கூட நம்பிக்கையோடு கணக்குப் புத்தகமும் வைத்திருக்கிறோமே!

நாம் விற்கப்போவது யாருக்கு? நம் தெருவுக்கு, நம் சம்பந்தி வீட்டுக்கு, நம்மோடு சந்தா கட்டும் பெண்ணுக்கு. நம் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள். நாளை ஒருத்திக்கு முகம் உப்பினால் அந்த வியாபாரி இருக்க மாட்டார், நாம் இருப்போம்.

எனவே இந்தக் கடனைக் கொடுக்க வேண்டாம் என்பது உடல்நலக் குழுவின் கருத்து. அதே தொகைக்கு வேறு திட்டம் கொண்டுவந்தால் முன்னுரிமை கொடுக்கலாம். முடக்கத்தான் தோசை மாவு, சுக்குப் பொடி போன்றவற்றை உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, "குணமாகும்" என்று எழுதாமல் உணவாகவே விற்கலாம். அந்தப் பதிவுக்கு நான் கூட வருகிறேன்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் இந்த ஐந்து கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு ஐந்து நிமிஷம் இருங்க. அந்தக் கால் நீட்டும் பயிற்சியை எல்லோரும் சேர்ந்து செய்துட்டுப் போகலாம். "அம்மாடி"ன்னு உட்கார்ந்த அக்காதான் முதலில்!